பதுளையில் பகலுணவு: பட்டியலில் இல்லாத ரொட்டி

கரீபியன் தீவுகளுக்குக் குடும்பத்தோடு விடுமுறை செல்வோருக்காக எழுதப்படும் பயணக் குறிப்புகளில், பகலுணவை எங்கே உண்பது என்ற பகுதி தவறாமல் இடம்பெறும். திரினிடாட் சென்றால் 'டபிள்ஸ்' உண்ணாமல் திரும்பக் கூடாது என்பார்கள். எண்ணெயில் பொரித்த இரண்டு சிறு ரொட்டிகளுக்கு நடுவே கொண்டைக்கடலைக் கறியை வைத்துக் கடதாசியில் சுற்றிக் கொடுக்கும் தெருவோர உணவு அது. மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளுக்குச் சென்றால் 'கொலம்போ' உண்ணச் சொல்வார்கள். கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு ஆகியவற்றை அரைத்த தூளில் ஆட்டிறைச்சியையோ கோழியையோ சமைக்கும் கறிக்கு அங்கே அந்தப் பெயர். நமது 'குழம்பு' என்ற சொல்லின் திரிபே அது என்பாரும் உளர். கொழும்பு நகரின் பெயரே என்பாரும் உளர்.

இவை யாருடைய உணவுகள்? 1845ஆம் ஆண்டு மே 30ஆம் திகதி 'ஃபட்டல் ரசாக்' என்ற கப்பல் திரினிடாட் கரையை அடைந்தது. அன்று தொடங்கி கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்ட இந்தியர்களின் வழித்தோன்றல்கள், 1930களில் பிரின்சஸ் டவுன் என்ற சிற்றூரில் விற்கத் தொடங்கியதே டபிள்ஸ். பிரெஞ்சுத் தீவுகளுக்கு 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கப்பலேறிய தமிழர்களின் அடுப்பிலிருந்து வந்தது கொலம்போ. கூலி லயங்களில் பிறந்த உணவுகள் இன்று அந்தத் தீவுகளின் தேசிய உணவுகள். அவற்றை உண்ணாதவன் அந்தத் தீவுகளைப் பார்த்தவனாகவே கருதப்படுவதில்லை.

இனி நமது தீவுக்கு வருவோம். ஊவா மாகாணத்துக்கு விடுமுறையில் வரும் குடும்பம் ஒன்று எங்கே பகலுணவு உண்கிறது? பெரும்பாலும் எல்லவில். கண்டியிலிருந்தோ நானுஓயாவிலிருந்தோ ரயிலேறி, வழிநெடுகத் தேயிலை மலைகளைப் படம்பிடித்து, எல்லவில் இறங்கி, 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைக் கண்டு களித்தபின், பிரதான வீதியிலுள்ள ஓர் உணவகத்தில் பீட்ஸாவோ பாஸ்தாவோ உண்டுவிட்டுத் தெற்குக் கடற்கரைக்கு இறங்கிவிடுகிறது. 1924இல் மலைப்பாதை வந்து முடிந்த பதுளை நகரமோ சில மைல் தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே வருவோர் குறைவு. வருவோரும் துன்ஹிந்த நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர்.

எல்லவின் உணவகங்கள்மீது எனக்குப் பகையில்லை. அந்த உழைப்பால் பல குடும்பங்கள் முன்னேறியிருக்கின்றன. எனது ஆதங்கம் வேறு. மலையை வந்து பார்ப்பவர், மலையில் வாழ்பவரின் கையால் ஒருவேளையேனும் உண்ணாமல் திரும்புகிறார். குறிப்பாக டொராண்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சென்னையிலிருந்தும் பிள்ளைகளோடு வரும் தமிழ்க் குடும்பங்களும் அவ்வாறே திரும்புகின்றன என்பதுதான் மனதை உறுத்துகிறது.

ஆகவே, அத்தகைய குடும்பங்களுக்காக முதலில் பயன்படக்கூடிய சில தகவல்கள். கடைகளின் பெயர்களை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். பெயர்ப்பலகைகள் மாறும், சமையற்காரர் மாறுவார். அடையாளங்கள் மாறுவதில்லை.

முதலாவது, சைவக்கடை. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறை என ஊவாவின் எந்தக் கடைவீதியிலும் ஒன்றாவது இருக்கும். வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வடை அடுக்கப்பட்டிருக்கும். உள்ளே விபூதி மணக்கும் ஒரு சாமிப் படம். பகலில் சோறு, பருப்பு, இரண்டு மரக்கறி, அப்பளம், ரசம். வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்கும் போஞ்சியும் கரட்டும் அன்று காலையில் வந்திறங்கியவையாக இருக்கும். சிறு பிள்ளைகளுக்குக் காரம் ஒவ்வாது என்பவர்கள் அஞ்சத் தேவையில்லை. பருப்பும் அப்பளமும் தயிரும் எந்தப் பிள்ளையையும் சமாளித்துவிடும்.

இரண்டாவது, முஸ்லிம் ஹோட்டல். (இலங்கையில் 'ஹோட்டல்' என்றால் தங்குமிடம் என்று நினைத்துவிட வேண்டாம், சாப்பாட்டுக் கடைக்கே அந்தப் பெயர்.) புரியாணியும் அதன் பின்னர் வட்டிலப்பமும் அங்கே உண்ண வேண்டியவை. கொத்துரொட்டி பிள்ளைகளுக்குப் பிடிக்குமெனினும் அது மாலை நேரத்துப் பண்டம். தகட்டின்மேல் கரண்டிகள் தாளமிடும் ஓசையைக் கேட்க வேண்டுமானால் இருட்டிய பின்னர் போகவேண்டும்.

மூன்றாவது, சிங்களச் சாப்பாட்டுக் கடையின் சோறும் கறியும். பிஞ்சுப் பலாக்காய்க் கறி, வல்லாரைச் சம்பல், பாலில் சமைத்த பருப்பு. இங்கே ஒரு விதியை நினைவிற்கொள்ள வேண்டும். பன்னிரண்டரைக்கு வந்தவருக்குப் பத்துக் கறி. இரண்டு மணிக்கு வந்தவருக்கு மிஞ்சிய கறி. மேசையில் அமர நேரமில்லையென்றால் சோற்றுப் பார்சலாகக் கட்டிக் கொடுப்பார்கள். பொலித்தீன் 'லஞ்ச் ஷீட்' 2017இல் தடைசெய்யப்பட்டது. வாழையிலையில் கட்டித்தரும் கடை கிடைத்தால் அதையே நாடுங்கள். உண்டபின் தாளையும் இலையையும் தேயிலைச் செடிகளுக்குள் வீசிவிடாதீர்கள். நாளை அந்தச் செடியில் ஒரு பெண் கைவைக்க வேண்டும்.

நான்காவது, ரயில் வடை. பலகாரக் கூடையோடு பெட்டிக்குப் பெட்டி நடக்கும் வியாபாரியின் குரல் மலையகப் பாதையின் ஒரு பகுதி. சூடான கடலை வடையும் பொரித்த மிளகாயும் பல பயணிகளுக்குப் பகலுணவாகவே முடிந்துவிடுவதுண்டு.

ஐந்தாவது, எல்லவிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்குவோருக்கு, மண்சட்டியில் உறைந்த எருமைத்தயிரும் கித்துள் பாணியும். இதை இனிப்பாகக் கருதாமல் உணவின் கடைசிப் பகுதியாகவே கருதவேண்டும்.

எந்தக் கடை நல்லது என்று எப்படி அறிவது? பஸ் நடத்துனர்களும் ஓட்டோ சாரதிகளும் எங்கே உண்கிறார்கள் என்று பாருங்கள். மாதத்தின் பத்தாம் திகதியை ஒட்டிய நாட்களில் பதுளைக்கோ பசறைக்கோ வந்தால் இன்னொன்றையும் பார்க்கலாம். அதுதான் தோட்டங்களில் சம்பளம் கொடுக்கும் காலம். லயத்திலிருந்து குடும்பமாக இறங்கி வந்து, சாமான் வாங்கி, பிள்ளைகளுக்கு ஒரு தோசையோ ரோல்ஸோ வாங்கிக் கொடுத்துத் திரும்பும் தொழிலாளரால் கடைகள் நிறைந்திருக்கும். மாதத்தில் ஒரு நாள் அவர்களுக்கும் வெளியில் உண்ணும் நாள் உண்டு.

மற்ற இருபத்தொன்பது நாட்களிலும் அவர்களுடைய பகலுணவு என்ன? இந்தப் பட்டியலில் இல்லாத ஆறாவது உணவு அதுதான்: தோட்டத்து ரொட்டி.

கோதுமை மாவில் உப்பும், வசதியிருந்தால் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பிசைந்து, உள்ளங்கையால் தட்டி, தகட்டில் சுட்டெடுப்பது. கனமானது. விடியுமுன்னரே அடுப்பை மூட்டிச் சுட்டுவிடுவார்கள். அதில் ஒன்று காலைக்கு, ஒன்று பகலுக்கு, ஒன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் பைக்கு. காய்ந்த மிளகாயும் வெங்காயமும் உப்பும் வைத்து இடித்த சம்பல் தொட்டுக்கொள்ள. பால் சேராத சாயத் தேநீர் குடிக்க. பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் கடதாசியில் சுற்றி எடுத்துச் சென்ற ரொட்டியை, இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் மலையிலேயே அமர்ந்து உண்ணும் பெண்களை ஊவாவின் எந்தத் தோட்டத்திலும் காணலாம்.

இந்த ரொட்டிக்கு ஒரு வரலாறு உண்டு. தமிழகத்திலிருந்து வந்த முதல் தலைமுறைகள் சோறு உண்டவர்கள். தோட்ட நிர்வாகம் கொடுத்த அரிசியின் விலை சம்பளத்திலேயே கழிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரும் அதன் பின்னர் வந்த அரிசித் தட்டுப்பாடும் இறக்குமதிக் கோதுமை மாவை லயத்து அடுப்புகளுக்குள் கொண்டுவந்தன. 1973, 1974ஆம் ஆண்டுகளில் அந்த மாவும் அருகியபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 2022 பொருளாதார நெருக்கடியில் மாவின் விலை பல மடங்கு உயர்ந்தபோதும், உணவுப் பாதுகாப்பின்மை மிகக் கூடுதலாகக் காணப்பட்டது தோட்டப்புறத்திலேயே. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாட்டில் 17 சதவீதம். தோட்டங்களில் ஏறத்தாழ 32 சதவீதம். ஆகையால் ரொட்டியைப் பற்றிப் பேசும்போது வெறும் சுவையைப் பற்றி மட்டும் பேசிவிட முடியாது.

இங்கேதான் நியாயமான ஓர் ஆட்சேபம் எழுகிறது. வறுமையால் உண்ணும் உணவை உல்லாசப் பயணிகளுக்குக் காட்சிப்பொருளாக்குவது முறையா? கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு படமெடுத்துச் செல்வோர் போதாதென்று, ரொட்டியையும் கடித்துப் பார்த்துவிட்டுப் போக வேண்டுமா?

இந்தக் கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் திரினிடாட்டின் அனுபவம் ஒரு விடையைத் தருகிறது. டபிள்ஸும் ஏழையின் உணவாகவே பிறந்தது. அதைக் கண்டுபிடித்தவர்களே அதைத் தெருவுக்குக் கொண்டுவந்து, தாமே விலைகூறி, தாமே காசை வாங்கினார்கள். அடுப்பும் கல்லாப்பெட்டியும் ஒரே கையில் இருந்ததால்தான் அந்த உணவோடு அதை உண்டாக்கிய மக்களும் தலைநிமிர்ந்தார்கள். ஊவாவில் நிலைமை தலைகீழ். பழைய துரைமார் பங்களாக்கள் சில விடுதிகளாகி, அங்கே ஆங்கிலேயரின் மாலைத் தேநீர் விருந்து வெள்ளித் தட்டில் பரிமாறப்படுகிறது. துரையின் சாப்பாட்டுக்கு விலை இருக்கிறது. தொழிலாளியின் சாப்பாட்டுக்கு விலை இல்லை. ஏனென்றால் அது எங்கும் விற்கப்படுவதே இல்லை.

சற்றுக் கணக்குப் பார்ப்போம். நீண்ட போராட்டங்களின் பின்னர் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயானது. 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அதனை 1,550 ஆக்கி, வருகை ஊக்கத்தொகையாக அரசு 200 ரூபாய் சேர்த்து, 1,750 ரூபாயாக்கும் முன்மொழிவு வந்தது. நிர்வாகம் கேட்கும் நிறைக்குக் கொழுந்து பறித்தால்தான் முழுப் பெயர் விழும். எல்லவின் பிரதான வீதியில் ஒருவர் உண்ணும் பகலுணவின் விலை பல கடைகளில் இந்தத் தொகையை ஒட்டியே இருக்கிறது. பத்துப் பேருக்குப் பகலுணவு விற்கக்கூடிய ஒரு பெண், மலையில் ஒரு நாள் முழுவதும் ஈட்டுவதைவிடக் கூடுதலாக அடுப்படியில் ஈட்டிவிட முடியும். இதில் தர்மமும் இல்லை, நன்கொடையும் இல்லை. வியாபாரம்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்பவர்களுக்கு நம் நாட்டிலேயே உதாரணங்கள் உண்டு. விவசாயத் திணைக்களம் நடத்தும் 'ஹெல போஜுன்' நிலையங்களில் கிராமத்துப் பெண்கள் கண்முன்னே சமைத்து விற்கிறார்கள். அரிசிமா, குரக்கன்மா ஆகியவற்றாலான உள்ளூர்ப் பண்டங்களே அங்கே முதன்மை. வடக்கிலோ அதே முறையில் 'அம்மாச்சி' உணவகங்கள். யாழ்ப்பாணத்துக்கு வரும் புலம்பெயர்ந்த குடும்பங்கள் இன்று அம்மாச்சியில் உண்பதை ஒரு கடமையாகவே கருதுகின்றன. போரில் கணவரை இழந்தவர்கள் உட்படப் பல பெண்கள் அவற்றால் பிழைக்கிறார்கள். ஊவாவின் தோட்டப் பெண்களுக்கென்று அத்தகைய ஒரு பெயர் இன்னும் நம் நாவில் இல்லை.

தடை எங்கே? சமையலில் இல்லை; நிலத்தில் இருக்கிறது. கிராமத்துப் பெண் தன் வீட்டு முற்றத்தில் ஒரு மேசையைப் போட்டுக் கடை தொடங்கலாம். லயத்தில் வாழும் பெண்ணுக்கு முற்றமும் கம்பெனிக்குச் சொந்தம். பாதையோரத்தில் நான்கு கம்பு நடுவதற்கும் நிர்வாகத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் நேரடியாகச் சேவை செய்வதற்குத் தடையாக இருந்தது. அதைத் திருத்துவதற்கு 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காணியுரிமைப் பிரச்சினை ஒரு சாப்பாட்டுக் கடையால் தீர்ந்துவிடாது. ஆனால் ஒரு சாப்பாட்டுக் கடை ஏன் தோன்றவில்லை என்று கேட்டுப் பார்த்தால் காணியுரிமைப் பிரச்சினையில் போய் முட்டிக்கொள்கிறோம்.

இன்னொரு தடை மனதில் இருக்கிறது. இந்த யோசனையைத் தோட்டத்துப் பெண்களிடம் சொல்லும்போதெல்லாம் அநேகமாக ஒரே பதில்தான் வருகிறது: "இதப் போயி காசு குடுத்து யாருங்க ஐயா திம்பாங்க?" விருந்தாளி வந்தால் ரொட்டியை மறைத்துவிட்டுக் கடைக்குப் பாண் வாங்க ஆளனுப்பும் வீடுகள் அவை. நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சமூகத்தை இழிவாக நோக்கிய பார்வை, அந்தச் சமூகம் தன் சொந்த உணவை நோக்கும் பார்வையிலும் படிந்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஒருவர் விரும்பிக் கேட்டு, உண்டு, உரிய விலையைக் கொடுத்துச் செல்லும்போது அது சிறிதேனும் கரையும் என்பது என் நம்பிக்கை. ஹப்புத்தளைக்கு மேலே லிப்டன் இருக்கைச் சிகரத்தில் ரொட்டியும் தேநீரும் வெளிநாட்டாருக்கு விற்கப்பட்டு வந்திருப்பதைப் பயணிகள் பலர் அறிவர். தோமஸ் லிப்டன் 1890இல் தோட்டம் வாங்கிய அதே மலையில், தொழிலாளியின் ரொட்டிக்கும் கிராக்கி உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இவ்வேளையில் இதை வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மண்சரிவுகளால் மிக மோசமாகத் தாக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மலையக ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுள் புதையுண்டதை மறக்காத மக்களுக்கு இது இரண்டாவது இடி. புயலுக்குப்பின் நிவாரணம் அனுப்பிய உறவுகளுக்கு நன்றி. ஆனால் நிவாரணம் ஒரு தடவை வரும். வாடிக்கையாளர் மறுபடியும் வருவார். (வரும் குடும்பங்கள், ரயில் எதுவரை ஓடுகிறது, எந்த வீதி திறந்திருக்கிறது என்பதை விசாரித்தறிந்து புறப்படுவது நல்லது.)

ஆகவே எனது வேண்டுகோள் மூன்று தரப்பாருக்கு. மாகாண நிர்வாகமும் சுற்றுலாத் துறையும் பதுளை, தெமோதரை, ஹாலிஎல, ஹப்புத்தளை போன்ற இடங்களில் தோட்டப் பெண்கள் நடத்தும் பகலுணவு நிலையங்களுக்குச் சில பேர்ச்சஸ் காணியை ஒதுக்கிக் கொடுக்கட்டும். பெருந்தோட்டக் கம்பெனிகள், தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிக்காட்டக் கட்டணம் வாங்கும் வாசலிலேயே ஒரு மூலையை அப்பெண்களுக்குக் கொடுக்கட்டும், வாடகையின்றி.

மூன்றாவது தரப்பு, விடுமுறைக்கு வரும் நீங்கள். உங்களில் சிலருடைய பாட்டன்மார், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் இதே பதுளை ரயில் நிலையத்தில் கண்ணீரோடு ரயிலேறி நீலகிரிக்கும் கூடலூருக்கும் போனவர்களாக இருக்கலாம். எல்லவில் ஒருவேளை உண்ணுங்கள். மறுவேளைக்குப் பதுளைக்கோ பசறைக்கோ ஹப்புத்தளைக்கோ வாருங்கள். சாப்பாட்டுக் கடையில் அமர்ந்ததும், "தோட்டத்து ரொட்டியும் இடிச்ச சம்பலும் கிடைக்குமா?" என்று கேளுங்கள். முதல் நாள் இல்லையென்று சொல்வார்கள். பத்துக் குடும்பங்கள் கேட்டால், பதினோராவது குடும்பம் வரும்போது யாராவது ஒரு தோட்டத்து அக்காவிடம் சொல்லிச் சுடவைத்திருப்பார் முதலாளி. அவர் சொல்லும் விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். உங்கள் பிள்ளைகளிடம் அந்த ரொட்டி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லுங்கள்.